நாலு பக்கம் இறக்கு, தம்பி

எங்கள் வீட்டு ஷெட்டில் நிற்கும் எம்.ஜி. டி.சி. என்ற பழைய ஆங்கில ஸ்போர்ட்ஸ் காரின் பானட்டைத் திறந்து பார்க்கிறவர்கள், எஞ்சினுக்குக் காற்றையும் பெட்ரோலையும் கலந்து கொடுக்கும் இரண்டு பளபளக்கும் எஸ்.யு. கார்பரேட்டர்களை மெச்சிவிட்டுப் போய்விடுவார்கள். குனிந்து அவற்றின் அடிப்பகுதியைப் பார்த்தவர் இதுவரை ஒருவரும் இல்லை. பார்த்திருந்தால், பின்புறத்துக் கார்பரேட்டரின் அடியில் உள்ள ஆறுபக்க நட்டின் விளிம்புகள் மழுங்கிப்போய், கட்டிங் பிளேயரின் பல் பதிந்த தழும்புகளோடு இருப்பதைக் கண்டிருப்பார்கள். அந்தத் தழும்புகள் 1978-ஆம் ஆண்டு மாசி மாதத்தில், சோழவரத்தில், கார்ப் பந்தயம் தொடங்குவதற்குச் சில நிமிடங்களுக்கு முன்னால் நான் இட்டவை. அப்போது அந்தக் கார்பரேட்டர்கள் இந்தக் காரில் இல்லை. என்னுடைய ஸ்டாண்டர்டு ஹெரால்டு காரில் இருந்தன. புதிய நட்டு வாங்கி மாட்டுவது பெரிய செலவல்ல என்றாலும், எனக்கு இன்றுவரை மனம் வரவில்லை.

எம்.ஜி.யை நான் முதலில் பார்த்தபோது எனக்கு ஆறு வயது. குன்னூரிலிருந்து கோத்தகிரி போகும் வழியில் உள்ள ஒரு தேயிலைத் தோட்டத்தில் அப்பா ஆபீஸ் கிளாக்கராக இருந்தார். தோட்டத்தின் பெரிய துரை வெள்ளைக்காரர். அடர்பச்சை நிறத்தில் இருந்த அந்தக் கார் அவருடையது. இங்கிலாந்தில் ஆபிங்டன் ஆலையில் 1945 முதல் 1949 வரை ஏறத்தாழ 10,000 மட்டுமே செய்யப்பட்ட கார் அது என்பதெல்லாம் பிற்காலத்தில் அறிந்துகொண்டது. அன்று என் கண்ணில் பட்டவை, சைக்கிள் சக்கரம்போல் மெல்லிய கம்பிகள் கோத்த 19 அங்குலச் சக்கரங்களும், முழங்கை வெளியே நீட்டிக்கொண்டிருக்கத் தோதாகக் குடைந்து வெட்டிய கதவுகளும், முதுகில் கட்டிய மூட்டைபோல் பின்னால் நிமிர்ந்து நின்ற பெட்ரோல் தொட்டியும்தான். மூடுபனி இறங்கும் மாலைகளில் துரை முன்கண்ணாடியை மடித்துப் படுக்கவைத்துவிட்டு, கண்ணுக்குத் தனியாக ஒரு காற்றுக்கண்ணாடி மாட்டிக்கொண்டு கிளப்புக்குக் கிளம்புவார். கேட்டைத் திறந்துவிடுவதற்குத் தொழிலாளர் லைன் வீட்டுப் பிள்ளைகளோடு நானும் முண்டியடிப்பேன். அப்பாவுக்கு இது பிடிக்காது. துரை வீட்டுக் காருக்குக் கிட்டே போனால் தொலைத்துவிடுவேன் என்று மிரட்டுவார். ஆனால் கார் கேட்டைத் தாண்டிய பிறகு அந்தச் சத்தம் மூன்றாவது வளைவில் தேய்ந்து மறையும்வரை அவரும் பேனாவைக் கீழே வைத்துவிட்டுக் கேட்டுக்கொண்டிருப்பார்.

அதன் எஞ்சின் 1,250 சி.சி.; திறன் 54 குதிரை. இன்றைக்குப் பிள்ளைகளைப் பள்ளிக்கூடத்தில் கொண்டுவிடுகிற சிறிய கார்களிலேயே இதைவிடத் திறன் அதிகம். துரை ஊர் திரும்பியபோது காரை இன்னொரு தோட்டத்துக்காரருக்குக் கொடுத்தார் என்றும், அவரிடமிருந்து அது வேறொருவருக்குப் போயிற்று என்றும் கேள்விப்பட்டேன். அதன் பிறகு பல ஆண்டுகள் அது என் கண்ணில் படவில்லை.

படிப்பு முடிந்து, குன்னூரில் தேயிலை ஏலத்தோடு தொடர்புடைய ஒரு தரகு ஆபீசில் நான் வேலைக்குச் சேர்ந்த காலத்தில், இந்தியாவில் கார் வாங்குவதென்றால் அம்பாசிடர், ஃபியட், ஹெரால்டு என்ற மூன்றில் ஒன்றைத்தான் வாங்க முடியும். புதிய காருக்குப் பதிவு செய்துவிட்டு ஆண்டுக்கணக்கில் காத்திருக்க வேண்டும். பழைய காருக்கோ, விற்கிறவர் சொல்வதுதான் விலை. நான் 1974-இல் 8,500 ரூபாய் கொடுத்து, இரண்டு கதவு கொண்ட ஒரு ஹெரால்டை வாங்கினேன். ஹெரால்டு ஸ்போர்ட்ஸ் கார் ஆகுமா என்று கேட்பவர்களிடம் நான் வழக்கமாகச் சண்டைக்குப் போவேன். சென்னையில் ஸ்டாண்டர்டு மோட்டார் புராடக்ட்ஸ் நிறுவனம் தயாரித்த இந்தக் காரை வரைந்தவர் ஜொவானி மிக்கெலொட்டி என்னும் இத்தாலியர். இதே அடிச்சட்டத்தைக் குறுக்கி, மேலே வேறு உடலைப் பொருத்தித்தான் இங்கிலாந்தில் டிரையம்ப் நிறுவனம் 1962-இல் ஸ்பிட்ஃபயர் என்னும் ஸ்போர்ட்ஸ் காரைக் கொண்டுவந்தது. அண்ணன் குடும்பஸ்தன், தம்பி ஊர் சுற்றி; இரத்தம் ஒன்றுதான்.

ஹெரால்டின் அருமை மலையில்தான் தெரியும். அதன் திருப்பு வட்டம் 25 அடி. லண்டன் டாக்சிக்குத்தான் அப்படித் திரும்ப வரும் என்பார்கள். மலையடிவாரத்துக் கல்லாறிலிருந்து குன்னூர்வரை உள்ள 14 கொண்டை ஊசி வளைவுகளில், அம்பாசிடர்க்காரர்கள் ஸ்டீயரிங்கோடு மல்லுக்கட்டும் இடத்தில் ஹெரால்டு பம்பரம்போல் திரும்பும். முன்பக்கத்து மட்கார்டுகளோடு சேர்த்து பானட் முழுவதும் மூக்குப்பக்கமாகத் தூக்கிக்கொள்ளும் என்பதால், முன்டயரின் மேலேயே உட்கார்ந்துகொண்டு எஞ்சினில் வேலை பார்க்கலாம்.

ஆனால் அதன் பின்பக்கத்தில் ஒரு பாம்பு ஒளிந்திருந்தது. பின்சக்கரங்கள் ஒவ்வொன்றும், நடுவில் உள்ள டிஃபரென்ஷியல் என்னும் பல்சக்கரப் பெட்டியின் பக்கத்தில் மட்டும் மடங்கும் தனி அச்சில் ஊசலாடுபவை. வளைவில் வேகமாக நுழைந்துவிட்டுப் பயந்துபோய் ஆக்சிலரேட்டரிலிருந்து காலை எடுத்தால், பாரம் முன்னால் போய், பின்பகுதி எழும்பி, வெளிப்பக்கத்துச் சக்கரம் காருக்கு அடியில் மடங்கிக்கொள்ளும்; பிறகு காரின் வால் தலையை முந்தும். இந்தப் பாடத்தை நான் மலைவழியில் மரப்பாலம் என்ற ஊருக்கு மேலே ஒரு மழைக்காலக் காலையில் கற்றேன். கார் அரைவட்டம் சுற்றி, வந்த திசையைப் பார்த்தபடி மலைப்பக்கத்து ஓடையில் ஒரு சக்கரத்தை இறக்கி நின்றது. சரிவுப்பக்கம் சுற்றியிருந்தால் இந்தக் கட்டுரை இல்லை. இந்நாட்டு மெக்கானிக்குகளும் உரிமையாளர்களும் இந்த ஊசல் அச்சை வெறுத்ததால், 1972-இல் ஹெரால்டை அடிப்படையாக வைத்து வந்த கசெல் காரில் அந்நிறுவனம் சாதாரணமான ஒற்றை அச்சையே வைத்துவிட்டது. நான் வெறுக்கவில்லை. வளைவுக்கு முன்பே வேகத்தைக் குறை, வளைவுக்குள் மிதியை விடாதே என்ற இரண்டையும் கடைப்பிடித்தால் அந்த அச்சு நம்மைக் கைவிடாது.

அந்த நாட்களில் நாங்கள் நான்கு நண்பர்கள், விடிகாலை நான்கு மணிக்குக் கல்லாறில் கூடி, ஒருவர்பின் ஒருவராகப் பத்து நிமிட இடைவெளியில் குன்னூருக்கு ஏறிக் கைக்கடிகாரத்தில் நேரம் பார்ப்போம். பொதுச்சாலையில் செய்யக் கூடாத காரியம் அது; இன்று என் பேத்தி செய்தால் சாவியைப் பிடுங்கிக்கொள்வேன். இருட்டில் ஏறுவதற்கு ஒரே நியாயமாக நாங்கள் சொல்லிக்கொண்டது, எதிரே வண்டி வந்தால் அதன் விளக்கு வெளிச்சம் இரண்டு வளைவுக்கு முன்பே தெரிந்துவிடும் என்பதுதான். பனி இறங்கிவிட்டால் அந்த நியாயமும் போய்விடும். முதல் கியருக்கு, பல்சக்கரங்களின் வேகத்தைத் தானே ஒத்துப்போக வைக்கும் சிங்க்ரோ கிடையாது. ஊசி வளைவில் இரண்டிலிருந்து ஒன்றுக்கு இறக்க, கிளட்சை இரண்டு முறை மிதித்து, நடுவில் எஞ்சினுக்கு ஒரு உறுமல் கொடுத்துச் சேர்க்க வேண்டும். சேர்ந்தால் வெண்ணெயில் கத்தி இறங்குவது போலிருக்கும். சேராவிட்டால் வழியில் உள்ள பர்லியார் பழக்கடைக்காரர் உறக்கம் கலைந்து எழுந்துகொள்வார். என்னுடைய சிறந்த நேரம் 34 நிமிடம். ஃபியட் வைத்திருந்த நண்பருக்கு 36. அந்த இரண்டு நிமிடம்தான் என்னைச் சோழவரம்வரை கொண்டுபோய்க் கெடுத்தது.

குன்னூரில் பெட்போர்டு பகுதியில் பட்டறை வைத்திருந்த மெக்கானிக்கை ஊரே ‘பாய்’ என்றுதான் கூப்பிடும். நீண்ட ஸ்க்ரூடிரைவரின் முனையை எஞ்சினில் ஊன்றி, பிடியைக் காதில் வைத்துக்கொண்டு, எந்த வால்வு இடிக்கிறது என்று சொல்லிவிடுவார். 1976-இல் ஒரு நாள் என்னைக் கூப்பிட்டு, “தம்பி, நீங்க சொல்லுவீங்களே ஒரு துரை வண்டி, அது ஒரு எஸ்டேட் ஷெட்டுல கோழி அடையுது, போய்ப் பாருங்க” என்றார். போய்ப் பார்த்தேன். கோழிகள் உண்மையாகவே இருந்தன. உடலைத் தாங்கும் மரச்சட்டங்கள் மக்கிப்போய், ஒரு கதவு கையோடு வந்துவிட்டது. ஆர்.சி. புத்தகம் மட்டும் பத்திரமாக இருந்தது. பழைய இரும்பு விலைக்குச் சற்று மேலே கொடுத்து வாங்கி, லாரியில் ஏற்றி வீட்டுக்குக் கொண்டுவந்தேன். அப்பா நெடுநேரம் அதைச் சுற்றிச் சுற்றி வந்தார். பிறகு முதல் தடவையாக அந்தக் காரைத் தொட்டார்.

அதைச் சீர்செய்யப் பணம் இல்லை; ஆனால் அதிலிருந்த இரண்டு எஸ்.யு. கார்பரேட்டர்கள் நல்ல நிலையில் இருந்தன. ஹெரால்டின் 948 சி.சி. எஞ்சினுக்கு ஒற்றைக் கார்பரேட்டர்தான். பாய், கோயம்புத்தூரில் ஒரு லேத் பட்டறையில் கார்பரேட்டரை எஞ்சினோடு இணைக்கும் குழாயான மேனிஃபோல்டைப் புதிதாகச் செய்யச் சொல்லி வாங்கிவந்து, இரண்டையும் ஹெரால்டில் மாட்டினார். முன்னது முதல் இரண்டு சிலிண்டருக்கு, பின்னது மூன்றுக்கும் நான்குக்கும். சிலிண்டர் ஹெட்டையும் கொஞ்சம் சீவி அழுத்தத்தை ஏற்றினோம்.

எஸ்.யு. கார்பரேட்டர் மிக எளிமையான கருவி. எஞ்சின் இழுக்கும் காற்றின் அளவுக்கேற்ப உள்ளே ஒரு பிஸ்டன் மேலே எழும். அதன் அடியில் தொங்கும் கூம்பு வடிவ ஊசி, பெட்ரோல் வரும் துளையிலிருந்து அதே அளவுக்கு வெளியே வந்து வழிவிடும். அடியில் உள்ள நட்டைத் திருகித் துளையை இறக்கினால் பெட்ரோல் கூடும், ஏற்றினால் குறையும். ஆறு பக்க நட்டு என்பதால் எத்தனை ‘பக்கம்’ திருகினோம் என்றுதான் கணக்கு. ஆனால் மலைக்காற்று தனிக் கணக்கு. குன்னூர் ஏறத்தாழ 1,850 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. கடல்மட்டத்தோடு ஒப்பிட்டால் இங்கே காற்றின் அடர்த்தி ஆறில் ஒரு பங்கு குறைவு. சமவெளியில் சரியாக வைத்த கார்பரேட்டர் இங்கே வந்தால் காற்றுக்குப் பெட்ரோல் மிஞ்சிப்போய், எஞ்சினில் தீப்பொறி கொடுக்கும் பிளக்கில் கரி பிடிக்கும். ஆகவே மலைக்காரர்கள் எல்லாரும் பெட்ரோலைக் குறைத்துத்தான் வைப்போம். பாய், பிஸ்டனை விரலால் ஒரு நூலளவு தூக்கிப் பார்ப்பார். எஞ்சின் வேகம் கூடி அப்படியே நின்றால் பெட்ரோல் அதிகம். திணறி அடங்கினால் குறைவு. ஒரு கணம் கூடிப் பழைய நிலைக்கு வந்தால் சரி. என் ஹெரால்டைக் குன்னூருக்கென்று அவர் அப்படித் தங்கமாக வைத்துக்கொடுத்தார்.

சோழவரம் சென்னைக்கு வடக்கே, இரண்டாம் உலகப்போர்க் காலத்தில் போட்ட ஒரு விமான ஓடுதளம். 1953-இல் தொடங்கிய மெட்ராஸ் மோட்டார் ஸ்போர்ட்ஸ் கிளப் ஆண்டுதோறும் அங்கே பந்தயம் நடத்தியது. ஓடுதளங்கள் சேரும் விதத்தில் பந்தயப்பாதை ‘T’ என்ற ஆங்கில எழுத்தின் வடிவம் கொண்டது. மகாராஜாக்களின் வெளிநாட்டுக் கார்களும், ஃபியட்டைக் குடைந்து இழைத்த உள்ளூர்க் கார்களும் ஓடிய இடம். நானும் பாயும் ஹெரால்டை ஓட்டிக்கொண்டே சேலம் வழியாகப் போனோம். ஐந்நூறு கிலோமீட்டருக்கு மேல். நிதானமாக ஓட்டியதால் கார் எந்தக் குறையும் காட்டவில்லை. அதுதான் எங்களை ஏமாற்றிற்று.

பயிற்சி ஓட்டத்தில் நான்கு சுற்று போய்வந்ததும் பாய் பிளக்கைக் கழற்றிப் பார்த்தார். காப்பித்தூள் நிறத்தில் இருக்க வேண்டிய முனை சுண்ணாம்புபோல் வெளுத்திருந்தது. கடல்மட்டத்துக் கனமான காற்றுக்கு, குன்னூர் அளவுப் பெட்ரோல் போதவில்லை. பெட்ரோல் குறைந்த கலவை அதிகச் சூட்டில் எரியும். அதோடு அழுத்தம் ஏற்றிய எஞ்சினும், அன்றைய பெட்ரோலின் தரமும் சேர்ந்தால், எஞ்சினின் பிஸ்டன் தலையில் சுத்தியலால் அடிப்பதுபோல் நாக்கிங் தொடங்கும். “நாலு பக்கம் இறக்கு, தம்பி. ரெண்டுலயும் நாலு பக்கம்” என்று சொல்லிவிட்டு, பாய் டயருக்குக் காற்றடிக்கப் போனார். முன் கார்பரேட்டரை நான்கு பக்கம் இறக்கினேன். பின்னதில் ஒரு பக்கம் திரும்பியதும் நட்டு இறுகிக்கொண்டது. அதன் அளவுக்கான ஸ்பேனர் குன்னூரில் எங்கள் சமையலறை ஜன்னலில் இருந்தது. முதலில் ஏதோ ஒரு ஸ்பேனரை வைத்து விளிம்பை மழுக்கினேன். பிறகு கட்டிங் பிளேயர். எஞ்சின் சூட்டில் கை பொசுங்கிற்று. ஒலிபெருக்கியில் எங்கள் வகுப்பைக் கூப்பிட்டுவிட்டார்கள். இரண்டாவது பக்கம் திரும்பியதோ, பிளேயர்தான் வழுக்கியதோ, எனக்கே தெரியவில்லை. பானட்டை இறக்கிவிட்டேன். பாய் வந்து கேட்டபோது, “ஆச்சு பாய்” என்றேன்.

பத்துச் சுற்றுப் பந்தயம். நான் மலைக்காரன், நேர்ச்சாலை எனக்குப் பழக்கமே இல்லை. நீலகிரியில் கால் கிலோமீட்டர் நேராகப் போனால் அது பெரிய மைதானம். ஓடுதளத்தின் நீளத்தில் ஃபியட்டுகள் என்னைக் கடந்துபோகும் ஒவ்வொரு தடவையும், ஆக்சிலரேட்டரைத் தரையோடு அழுத்திவைத்துக்கொண்டு ஒன்றும் செய்ய முடியாமல் உட்கார்ந்திருப்பது எனக்கு அவமானமாக இருந்தது. திருப்பங்களில் அவர்களில் இருவரை மீண்டும் பிடிப்பேன். வைக்கோல் கட்டுகளை உரசாத குறையாக உட்பக்கமாக நுழைந்து, மிதியை விடாமல், ஹெரால்டின் வாலை அளவோடு அலையவிட்டு வெளியே வருவேன். நேர்ப்பாதை வந்ததும் அவர்கள் போய்விடுவார்கள். ஆறாவது சுற்றில் ஏழாம் இடத்தில் இருந்தேன். அப்போதுதான் அந்தச் சத்தம் கேட்டது. தகர டப்பாவில் கூழாங்கற்களைப் போட்டுக் குலுக்குவதுபோல ஒன்று. மலையில் அந்தச் சத்தம் கேட்டால் கியரை இறக்குவோம், சத்தம் அடங்கிவிடும். இங்கே கியரை இறக்க வளைவு இல்லை. காலை எடுக்க மனமில்லை. ஏழாவது சுற்றின் நடுவில் ஒரு வெடிப்பும், கண்ணாடியில் வெள்ளைப் புகையும். காரை ஓரத்துப் புல்லில் உருட்டி நிறுத்தினேன்.

நான்காவது சிலிண்டரின் பிஸ்டனில் ஐம்பது பைசா அளவுக்கு ஓட்டை. பாய் மூன்றாவது, நான்காவது பிளக்குகளை உள்ளங்கையில் வைத்துக்கொண்டு, முதல் இரண்டையும் மறு உள்ளங்கையில் வைத்துக்கொண்டு, கொஞ்சநேரம் பார்த்தார். ஒரு ஜோடி காப்பி நிறம். இன்னொரு ஜோடி வெள்ளை, அதிலும் ஒன்றின் முனை உருகியிருந்தது. அவர் என்னைத் திட்டவில்லை. பின் கார்பரேட்டரின் நட்டைக் கட்டைவிரலால் தடவிப் பார்த்தார், அவ்வளவுதான். சென்னைக் கொத்தவால்சாவடி மார்க்கெட்டுக்கு ஊட்டி உருளைக்கிழங்கு இறக்கிவிட்டு வெறுமையாகத் திரும்பிய ஒரு லாரியில் ஹெரால்டை ஏற்றிக்கொண்டு வந்தோம். காரின் சீட்டில் செம்மண் வாசனையும் உருளைக்கிழங்கு வாசனையும் அடுத்த மழைக்காலம்வரை இருந்தன. பெண் பார்க்கப் போன அன்றும் இருந்ததாக என் மனைவி சொல்வார்.

எஞ்சினைச் சரிசெய்தோம், நான் மறுபடி பந்தயத்துக்குப் போகவில்லை. சில ஆண்டுகளில் ஹெரால்டை விற்றேன். அதைப் பற்றி எழுத ஒன்றும் இல்லை. பிள்ளைகள் பிறந்தார்கள், பணம் தேவைப்பட்டது, விற்றேன். விற்பதற்கு முன் கார்பரேட்டர்கள் இரண்டையும் கழற்றி, எண்ணெய்த் துணியில் சுற்றி, டிரங்குப் பெட்டியில் வைத்தேன்.

எம்.ஜி.யைத் திரும்ப எழுப்ப மொத்தம் ஒன்பது ஆண்டுகள் ஆயின. ஆஷ் மரத்தில் செய்திருந்த சட்டங்களுக்குப் பதிலாக, இடித்த பழைய பங்களா ஒன்றின் தேக்கு ஜன்னல் நிலைகளை வாங்கி, மக்கிய துண்டுகளையே மாதிரியாக வைத்து இழைத்துத் தந்தார் எங்கள் ஊர்த் தச்சர். எஞ்சின்தான் படுத்தியது. அந்த எஞ்சினின் போல்ட்டுகளில் மரை மெட்ரிக் அளவு, தலை மட்டும் பழைய ஆங்கில அளவு. மாமியாரும் மருமகளும் ஒரே வீட்டில் வேறு வேறு அடுப்பு வைத்ததுபோல. கடையில் வாங்கும் எந்த போல்ட்டும் இரண்டில் ஒன்றுக்குப் பொருந்தாது. பாய் அப்போது பட்டறையை மகனிடம் விட்டிருந்தார். ஆனாலும் கார்பரேட்டரை மாட்டும் நாளில் வந்து நாற்காலி போட்டு உட்கார்ந்தார். டிரங்குப் பெட்டியைத் திறந்து துணியைப் பிரித்ததும், பின்னதை எடுத்துக் கவிழ்த்துப் பார்த்துவிட்டு, “இத மாத்தலயா?” என்றார். இல்லை என்றேன். சிரித்தார். எஞ்சின் பிடித்ததும் கார்பரேட்டர் பிஸ்டனை விரலால் தூக்கிப் பார்த்தவர் அவர்தான்.

சோழவரத்தின் இடத்தை 1990-இல் இருங்காட்டுக்கோட்டைப் பந்தயப்பாதை எடுத்துக்கொண்டது. இங்கே மலையடிவாரத்தில், கோயம்புத்தூர் செட்டிபாளையத்தில், 2003-இல் கரி மோட்டார் ஸ்பீட்வே என்ற பந்தயப்பாதை வந்தது. தாமே பந்தயக் கார்களை வடிவமைத்துக் கட்டி, 1995-இல் விமான விபத்தில் மறைந்த கரிவரதனின் பெயரை அதற்கு வைத்தார்கள். கோயம்புத்தூரின் நரேன் கார்த்திகேயன் 2005-இல் ஃபார்முலா ஒன்னில் ஓட்டியபோது நாங்கள் பழைய நால்வரில் மூவர் ஒரே வீட்டில் கூடித் தொலைக்காட்சியில் பார்த்தோம். நான்காமவர், 36 நிமிடக்காரர், அதற்கு முன்பே போய்விட்டார்.

போன தை மாதத்தில் எம்.ஜி.யைக் கோயம்புத்தூருக்குக் கொண்டுபோக வேண்டியிருந்தது. பேத்தி கூட வந்தாள். பொறியியல் படிக்கிறாள், எலக்ட்ரிக் காரைத் தவிர மற்றதெல்லாம் பாவம் என்பது அவள் கட்சி. ஏறிவருகிற வண்டிகளுக்கு வழிவிட்டு, இரண்டாவது கியரிலேயே 14 வளைவையும் இறங்கி, கல்லாறில் பாக்குத் தோப்பு ஓரமாக நிழலில் நிறுத்தினேன். பானட்டைத் திறந்து, ஸ்டீயரிங் கம்பத்தில் சணல் கயிற்றால் கட்டிவைத்திருக்கும் ஸ்பேனரை அவிழ்த்து அவளிடம் கொடுத்தேன். சமையலறை ஜன்னலில் இருந்த அதே ஸ்பேனர்.

“ரெண்டுலயும் மூணு பக்கம் இறக்கு” என்றேன்.

முன்னதை எண்ணி எண்ணித் திருகினாள். பின்னதில் ஸ்பேனரை வைத்தவள், எடுத்துவிட்டு, குனிந்து பார்த்து, மறுபடி வைத்தாள்.

“தாத்தா, இது வழுக்குது. யாரோ கெடுத்து வச்சிருக்காங்க.”

“மெதுவா அழுத்திப் பிடி, திரும்பும்” என்றேன். அவள் சத்தமாக எண்ண ஆரம்பித்தாள்.